செக் பண்ணியிருப்பார்

காலை ஐந்தே காலுக்குத் திருப்பாச்சூர் ரோட்டு முனையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். திருவள்ளூரில் ஆள் ஏற்றிக்கொண்டு பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட். ஆடி மாத ஞாயிறுகளில் ஷிஃப்ட் விழுந்தால் பவானி அம்மன் கோயில் கூட்டத்தில் வண்டி மாட்டிக்கொள்ளும். வேப்பிலை கட்டியவர்களும் டிராக்டரில் வந்த குடும்பங்களும் ரோட்டைக் கடந்து முடிக்கிறவரை ஜன்னலோரம் தலையைச் சாய்த்துத் தூங்குவோம். ஒன்பது வருஷம் அப்படிப் போய் வந்தேன். வார்ப்பு ஹவுசிங்குகளைக் கடைந்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. நான் குவாலிட்டியில் இருந்தேன். சட்டைப் பையில் பேனாவும் கையில் ப்ளக் கேஜுமாகச் சுற்றுகிற ஆள்.

இப்போது அதே ரோட்டோரம் ஒரு மாடி அறையில், சாயங்காலம் ஏழிலிருந்து ஒன்பதரை வரை ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். கேஜை வைத்துவிட்டு சாக்பீஸை எடுத்ததற்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம். நான் சொன்ன வாக்கியம்தான்.

ஜெர்மனியிலிருந்து கஸ்டமரின் ஆடிட்டர் வந்திருந்தார். அனுப்பிய லாட்டில் ஒரு பகுதி திரும்பி வந்துவிட்டது. ப்ளக் கேஜுக்கு இரண்டு முனை உண்டு. 'கோ' முனை துளைக்குள் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும், 'நோ-கோ' முனை இறங்கவே கூடாது. திரும்பி வந்த பீஸ்களில் இரண்டு முனையும் ஜம்மென்று இறங்கின. துளை பெரிதாகப் போய்விட்டது. அன்றைக்கு மேனேஜர் ஊரில் இல்லை. “இங்கிலீஷ் தெரிஞ்ச பையன்” என்று என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

அவர் கேட்ட கேள்வி எளிது. அந்த லாட் ஓடிய நைட் ஷிஃப்டில் முதல் பீஸை ஆப்பரேட்டர் கேஜ் போட்டுப் பார்த்தாரா?

ஆப்பரேட்டர் அண்ணன் அப்போது புல்லரம்பாக்கத்தில் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். லேத்திலேயே தலை நரைத்தவர். கேஜ் போடாமல் அவர் இரண்டாவது பீஸை மாட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த இரவு நான் அங்கே இல்லை. தமிழில் கேட்டிருந்தால் ஒரு விநாடி யோசிக்காமல் சொல்லியிருப்பேன்: “செக் பண்ணியிருப்பார் சார்.” நான் கண்ணால் பார்க்கவில்லை, ஆனாலும் அவர் மேல் எனக்குச் சந்தேகமில்லை, இரண்டையும் அந்த ஒரு சொல் சொல்லிவிடும். அதையே அப்படியே இங்கிலீஷில் போட்டேன்.

“ஹி வுட் ஹேவ் செக்ட், சார்.”

ஆடிட்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்தார். நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார். எனக்குச் சொல்ல வேறெதுவும் இல்லை. தலையை ஆட்டினேன். அவரும் தலையை ஆட்டிவிட்டு ஒரு வரி எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் ரிப்போர்ட் வந்தது. முதல் பீஸை ஆப்பரேட்டர் செக் செய்யவில்லை என்று குவாலிட்டி பிரிவே ஒப்புக்கொண்டதாக எழுதியிருந்தது. அண்ணனுக்கு மெமோ, மூன்று நாள் சஸ்பென்ஷன். நாங்கள் எல்லாரும் ஆடிட்டரைத் திட்டித் தீர்த்தோம். நான்தான் அதிகம் திட்டினேன். இப்படி நாக்கூசாமல் எழுதுவானா ஒரு மனுஷன் என்று கேன்டீனில் கத்தினது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது.

அவர் பொய் எழுதவில்லை என்று தெரிய மூன்று வருஷம் ஆனது. சென்ட்ரல் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் மைக்கேல் ஸ்வான் எழுதிய 'பிராக்டிகல் இங்கிலீஷ் யூசேஜ்' கிடைத்தது. 1980இல் ஆக்ஸ்ஃபோர்டு முதலில் போட்ட புத்தகம்; எனக்குக் கிடைத்தது அட்டை கிழிந்த பிரதி. பஸ்ஸில் படித்துக்கொண்டு வந்தவன் 'வுட் ஹேவ்' வருகிற பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நடந்திருக்க வேண்டியது, ஆனால் நடக்காமல் போனது: பெரும்பாலும் அதைச் சொல்லத்தான் அந்த அமைப்பு. 'நான் வந்திருப்பேன், ஆனா பஸ் கிடைக்கல.' ஆடிட்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது அந்த 'ஆனா'வுக்காக. அவர் செக் பண்ணியிருப்பார், ஆனால்? நான் 'ஆனால்' சொல்லாமல் தலையை ஆட்டியதும், மீதியை அவரே முடித்துக்கொண்டார்.

இங்கிலாந்துக்காரர்கள் சில இடங்களில் 'வுட் ஹேவ்' போட்டு யூகமும் சொல்வதுண்டு. அதை மறைக்கக் கூடாது. ஆனால் என் எதிரில் இருந்தவர் ஜெர்மன்காரர். அவர் மொழியில் அதற்கு நேரான வடிவம் நடக்காததைச் சொல்லத்தான் முதன்மையாகப் பயன்படும். தமிழ் மூளையில் கிளம்பிய வாக்கியம் ஜெர்மன் காதில் போய் இறங்கியது. நடுவில் இருந்த இங்கிலீஷ் இரண்டு பேருக்கும் சொந்தமில்லை. நான் சொல்லியிருக்க வேண்டியது 'ஹி மஸ்ட் ஹேவ் செக்ட்'. அதோடு ஒரு ஒட்டு: 'பட் லெட் மீ கன்ஃபர்ம்.' எட்டே சொல். மூன்று நாள் சம்பளம்.

அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

வகுப்பு ஆரம்பித்தபோது என்னிடம் இருந்தது அந்த ஸ்வானும், அப்பா எப்போதோ வாங்கி வைத்திருந்த ரேபிடெக்ஸ் தமிழ்ப் பதிப்பும். கபில் தேவ் விளம்பரத்தில் வருவாரே, அதே ரேபிடெக்ஸ். அந்தக் காலத்தில் அதை வாங்கி அலமாரியில் வைத்தாலே பாதி இங்கிலீஷ் வந்துவிட்டதாக ஒரு நம்பிக்கை. அதில் தயார் வாக்கியங்கள் நிறைய. பையன்கள் மனப்பாடம் செய்தார்கள், ஒப்பித்தார்கள், வெளியே போனால் வாய் திறக்கவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

புரிய வைத்தது ஒரு டீக்கடை. கேம்பிரிட்ஜ் பரீட்சைகளில் பி2 ஃபர்ஸ்ட் என்று ஒன்று. அதன் பேச்சுத் தேர்வில் இரண்டு படங்களைக் கொடுத்து ஒரு நிமிஷம் விடாமல் பேசச் சொல்வார்கள். அதைப் பார்த்து நானும் செல்போனில் ஒரு படம் எடுத்தேன். திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு டீக்கடை. காலை எட்டு மணி, ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது, வாசலில் பெஞ்சு மட்டும். ஈக்காட்டிலிருந்து வருகிற ஒரு பையனிடம் காட்டி, பேசு என்றேன்.

“திஸ் ஈஸ் டீ ஷாப். இட் ஈஸ் குளோஸ்டு. ஒன் பெஞ்ச் ஈஸ் தேர்.”

நின்றுவிட்டான். இன்னும் சொல் என்றேன். “அவ்ளோதான் சார் இருக்கு.” அவன் சொன்னது நியாயம். படத்தில் அவ்வளவுதான் இருந்தது. தெரிந்ததை மட்டும் சொல்கிறவனுக்கு மூன்று வாக்கியத்தில் சரக்கு தீர்ந்துவிடும்.

சரி, தமிழில் பேசு, கடை ஏன் மூடியிருக்கு என்று கேட்டேன். வகுப்பே கிளம்பிவிட்டது. “கேஸ் தீர்ந்திருக்கும் சார்.” “முகூர்த்த நாளா இருக்கும், கல்யாணத்துக்குப் போயிருப்பாரு.” “வீட்ல ஏதாவது பெரிய காரியம் ஆயிருக்குமோ என்னமோ.” “ஃபுட் சேஃப்டிக்காரங்க வந்து மூடியிருக்கலாம்.” “அதெல்லாம் இருக்காது, அப்படின்னா நோட்டீஸ் ஒட்டியிருப்பாங்கல்ல.” “பெஞ்சை உள்ள எடுத்து வைக்கலயே, அப்போ பக்கத்துலதான் எங்கயோ போயிருக்காரு.” பத்து நிமிஷம் ஆகியும் நிற்கவில்லை. ஆளில்லாத கடையை வைத்து ஒரு குடும்பக் கதையே எழுதிவிட்டார்கள்.

அன்றைக்கு பலகையில் ஒரு இங்கிலீஷ் சொல்லும் எழுதவில்லை. அவர்கள் சொன்ன தமிழ் வினைகளின் வாலை மட்டும் எழுதினேன். '-லாம்', '-க்கும்', '-ஓ என்னமோ', 'இருக்காது', 'போல'. அப்புறம் அவற்றுக்கு எதிரே ஒவ்வொன்றாக. தீர்ந்திருக்கலாம் என்றால் 'மே ஹேவ்' அல்லது 'மைட் ஹேவ்'. தீர்ந்திருக்கும் என்று அழுத்திச் சொன்னால் 'மஸ்ட் ஹேவ்'. மூடப்போற போல இருக்கு, 'லுக்ஸ் லைக்'. நோட்டீஸ் விஷயமா இருக்காது, 'இட் காண்ட் பீ'.

இந்த 'இருக்காது' பொல்லாதது. மஸ்டுக்கு எதிர்ப்பதம் 'மஸ்ட் நாட்' என்று எல்லாரும் நினைக்கிறார்கள். “சவுண்டுக்குக் காரணம் பேரிங்கா இருக்காது சார்” என்பதை ஒரு மெயின்டனன்ஸ் பையன் 'இட் மஸ்ட் நாட் பீ பேரிங்' என்று வீடியோ காலில் சொன்னான். மறுமுனையில் இருந்தவருக்கு, அங்கே பேரிங் இருக்கவே கூடாது என்று யாரோ தடை போட்டதுபோலக் கேட்டிருக்கும். யூகத்தில் மஸ்டுக்கு எதிரி காண்ட். இந்த ஒன்றை மட்டும் நான் வருஷத்துக்கு நாற்பது தடவையாவது சொல்கிறேன்.

உச்சரிப்பிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'மஸ்ட். ஹேவ். பீன்.' என்று செங்கல் செங்கலாக வைத்தால் பேச்சு ஓடாது. 'மஸ்டவ்பீன்' என்று ஒரே மூச்சில், கண்டக்டர் 'பூந்தமல்லிபூந்தமல்லி' என்று கூவுகிற மாதிரி விட வேண்டும். முதல் வாரம் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். அப்புறம் வாய்க்குப் பழகிவிடும். அந்த ஒரு கட்டு வெளியே வருகிற நேரத்துக்குள் மூளை அடுத்த வினைச்சொல்லைத் தேடி எடுத்துவிடும். சரளம் என்று ஊரில் சொல்வதில் பாதி இந்த இடைவெளிக் கணக்குதான் என்பது என் அனுபவம்.

பள்ளிக்கூடத்தின் மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நாங்கள் படித்த காலத்தில் வகுப்பில் கேட்கிற கேள்விக்கு ஒரே ஒரு சரியான விடை. தெரிந்தால் எழுந்து சொல், தெரியாவிட்டால் வாயை மூடு. 'இப்படி இருக்கலாமோ' என்று இழுத்தால் உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் இங்கிலீஷ் என்றாலே நிச்சயமாகத் தெரிந்ததைச் சொல்வதற்கான மொழி என்று மனசில் பதிந்துவிட்டது. சந்தேகப்படுவது, ஊகிப்பது, வம்பு பேசுவது எல்லாம் தமிழுக்கு. மனுஷன் ஒரு நாளில் பேசுவதில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகைதானே.

எங்கள் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கீழ்வீட்டில் இருக்கிறார். மாடியில் நடக்கிற கூத்தைக் கேட்டுவிட்டு ஒரு நாள் ஏறி வந்தார். “தம்பி, நீ இன்னா புதுசா கண்டுபுடிச்ச மாதிரி பேசற? தொல்காப்பியத்துல இடையியல்னு ஒரு இயலே கெடக்கு. 'கொல்'னு ஒரு இடைச்சொல்லு. ஐயத்துக்குன்னே வெச்சிருக்கான்” என்றார். வள்ளுவரின் 1081வது குறளை எடுத்துக் காட்டினார். காமத்துப்பாலின் முதல் குறள். எதிரே நிற்பவள் தெய்வமா, மயிலா, பெண்ணா என்று தலைவன் தடுமாறுகிறான்; ஒன்றேமுக்கால் அடிக்குள் மூன்று தடவை 'கொல்'. பார்த்ததும் 'திஸ் ஈஸ் எ கேர்ள்' என்று சொல்லியிருந்தால் காமத்துப்பால் அங்கேயே முடிந்திருக்கும் என்றார். பையன்கள் கைதட்டினார்கள். அதற்கப்புறம் மாதம் ஒருமுறை அவருக்கும் ஒரு வகுப்பு.

அடுத்த வில்லங்கம் '-ஆம்'. வரானாம், போனானாம், நின்னுபோச்சாம். அடுத்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், பொறுப்பு என்னுடையதில்லை என்பதை ஒரே எழுத்தில் முடிக்கிற வசதி. இதற்கு நாம் எல்லாரும் இங்கிலீஷில் போடுவது 'இட் சீம்ஸ்'. 'மிஷின் ஸ்டாப்டு, இட் சீம்ஸ்.' ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிற தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளும் இதையேதான் சொல்கிறார்கள். அவர்கள் மொழியில் 'வஸ்தாடண்ட' என்று அதே வால் இருக்கிறது. நமக்குள் பேசுகிறவரை சிக்கலில்லை. வெளிநாட்டுக்காரருக்கு 'இட் சீம்ஸ்' என்றால், நீயே பார்த்து நீயே அப்படி நினைக்கிறாய் என்று பொருள். மிஷின் நின்றதா இல்லையா என்பதுகூட உனக்குச் சரியாகத் தெரியவில்லையா என்று பார்ப்பார். 'அப்பேரன்ட்லி', 'ஐ வாஸ் டோல்ட்', 'ஐ ஹியர்', 'தே சே'. இப்படி ஆளுக்குத் தகுந்தாற்போல ஒன்றை எடுக்க வேண்டும்.

இதைச் சொல்லிக்கொடுக்க எங்கள் ஊரைவிடத் தோதான இடம் கிடையாது. திருப்பாச்சூர் வாசீஸ்வரர் கோயில் சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். 'பாசு' என்றால் மூங்கில். ஊர்க் கதை முழுக்க '-ஆம்'தான். இங்கே மூங்கில் காடாக இருந்ததாம். மூங்கிலை வெட்டும்போது வாசி என்கிற கோடரி ஏதோ ஒன்றில் பட்டு ரத்தம் வந்ததாம். தோண்டிப் பார்த்தால் லிங்கமாம். தலையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறதாம். அம்மன் பெயர் தங்காதலி. அதற்கு ஒரு தனிக் கதையாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மாணவன் ஒருவன், கம்பெனிக்கு வந்திருந்த விருந்தாளியைக் கோயிலுக்குக் கூட்டி வந்தான். 'இட் சீம்ஸ் பேம்பூ வாஸ் கட், இட் சீம்ஸ் பிளட் கேம், இட் சீம்ஸ் காட் வாஸ் இன்சைட்.' விருந்தாளி கவலையோடு, உனக்கு இந்தக் கதையில் நம்பிக்கை இல்லையா என்று கேட்டாராம். பையன் அரண்டுபோய் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். அந்த வாரம் முழுக்க எல்லாருக்கும் தலபுராணம்தான் பாடம். ஆரம்பத்தில் ஒரே ஒரு 'த ஸ்டோரி கோஸ்', அப்புறம் சாதாரண இறந்தகாலத்தில் சொல்லிக்கொண்டே போ, நடுவில் வேண்டுமானால் ஒரு 'தே சே'. தமிழில் ஒவ்வொரு வினைக்கும் பின்னால் வால் கட்ட வேண்டும். இங்கிலீஷில் வாசலிலேயே ஒரு தடவை சொல்லிவிட்டு உள்ளே போய்விடலாம்.

ஒட்டுச் சொற்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்புக் கட்டுரைக்காக உருப்போட்ட 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்' இரண்டையும் வகுப்பு வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வரச் சொல்கிறேன். பேசுகிற வாயில் அவை வந்தால் மேடைப் பிரசங்கம் மாதிரி இருக்கும். 'ஆக்சுவலி', 'பேசிக்கலி' இரண்டும் தமிழ்நாடு முழுக்கத் தேய்ந்துபோன செருப்புகள். நம் வாயில் ஏற்கெனவே ஓடுகிற ஒட்டுகளுக்கு ஜோடி பார்த்தால் போதும். 'விஷயம் என்னன்னா' என்று ஆரம்பிக்கிறவனுக்கு 'த திங் ஈஸ்'. 'ஆனா ஒண்ணு' என்று விரலைத் தூக்குகிறவனுக்கு 'மைண்ட் யூ'. 'சரி, அதை விடுங்க' என்பவனுக்கு 'எனிவே'.

எனக்குப் பிடித்தது 'எதுக்கும்'. எதுக்கும் ஒரு தடவ பாத்துடலாம். எதுக்கும் குடை எடுத்துக்கோ. இந்தச் சின்னச் சொல்லுக்குள் எவ்வளவு முன்யோசனை! 'ஜஸ்ட் இன் கேஸ்' என்று பலகையில் எழுதிக்காட்டியபோது, கைவண்டூரிலிருந்து வருகிற ஒரு பெண், “சார், எங்கம்மா ஒரு நாளைக்கு நூறு தடவ இத சொல்லும் சார். எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியும்போல” என்றாள்.

ஐஇஎல்டிஎஸ் எழுதுகிற பிள்ளைகளும் வருகிறார்கள். அதன் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிஷம். மார்க் போடும் 4 அளவுகோல்களில் ஒன்று சரளமும் கோவையும். கோவை என்பது இந்த ஒட்டு வேலை. கடைசிப் பகுதியில் 'இன்னும் இருபது வருஷத்தில் ஊர்கள் எப்படி மாறும்' என்கிற மாதிரிக் கேட்பார்கள். யாருக்குத் தெரியும்? தெரியாததைத் தெரியாத மாதிரியே, ஆனால் நிறுத்தாமல் பேச வேண்டும். கடம்பத்தூரிலிருந்து ஒரு நர்ஸ் வந்தாள். அவள் எழுதுகிறது மருத்துவத் துறையினருக்கான ஓஇடி. நோயாளியாக நடிப்பவர் 'எனக்குப் புற்றுநோயா?' என்று கேட்டால் என்ன சொல்வாய் என்று கேட்டேன். 'நோ, நோ, நத்திங்' என்றாள். ஆஸ்பத்திரியில் நம் ஊர் வழக்கம் அது; ஒண்ணும் இல்லம்மா, பயப்படாதீங்க. அங்கே அது பொய்யாகப் போய்விடும், நர்ஸ் உத்தரவாதம் கொடுத்ததாக ஆகிவிடும். 'இட் குட் பீ எ நம்பர் ஆஃப் திங்ஸ்' என்று அவளைச் சொல்ல வைக்க இரண்டு வாரம் ஆனது. இங்கிலீஷ் அவளுக்கு வந்துவிட்டது. அழுகிற நோயாளியிடம் 'இருக்கலாம்' என்று சொல்ல மனசுதான் வரவில்லை.

பழைய தொழிலுக்கும் இதற்கும் உள்ள உறவு எனக்கு வகுப்பு நடத்த நடத்தத்தான் தெளிந்தது. கம்பெனியில் ஒரு ரிஜெக்ஷன் வந்தால் பலகையில் மீன்முள் வரைவோம். ஜப்பானின் கவோரு இஷிகாவா பெயரில் வழங்குகிற படம். ஆள், மிஷின், மெட்டீரியல், மெத்தட் என்று முள் முள்ளாகப் போகும். ஒவ்வொரு முள்ளும் ஒரு 'குட் பீ'. அப்புறம் டொயோட்டாக்காரர்களின் ஐந்து ஏன். முதல் 'ஏன்' கேட்டதுமே நம் ஆள் 'ஆப்பரேட்டர் மிஸ்டேக்' என்று முடித்துவிடுவான். முடிக்கத்தான் அவனுக்கு இங்கிலீஷ் இருக்கிறது, இழுக்க இல்லை. 'இட் மைட் பீ த இன்சர்ட், ஆர் இட் குட் பீ த ஆஃப்செட்' என்று இரண்டு வழியைத் திறந்து வைக்கத் தெரிந்தவன் மீட்டிங்கில் ஒரு மனுஷனைக் காப்பாற்றுகிறான். எங்கள் லாட்டில் துளை பெரிதானதற்குக் காரணம் டூல் ஆஃப்செட்டை யாரோ மாற்றிப் போட்டது என்று பின்னால் தெரிந்தது. அதற்குள் மெமோ கொடுத்தாகிவிட்டது.

ஆனா ஒண்ணு. யூகம் செல்லாத இடமும் இருக்கிறது, அங்கே நான் கறாராக இருப்பேன். காக்களூர் சிட்கோவில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் ஒரு பையன், பயிற்சிக்காகத் தன் வேலையை இங்கிலீஷில் விவரித்துக்கொண்டிருந்தான். பேனலைத் திறப்பதற்கு முன்னால் என்ன செய்வாய்? “த பவர் மஸ்ட் பீ ஆஃப், சார்.” நான் கற்றுக்கொடுத்த அதே மஸ்ட். ஆஃப் ஆகியிருக்க வேண்டும் என்கிற விதியைச் சொல்கிறானா, ஆஃப் ஆகித்தான் இருக்கும் என்று நினைக்கிறானா? கேட்டேன். அவன் யோசித்து, “ரெண்டும்தான் சார்” என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. லாக்அவுட் டேக்அவுட் என்ற முறையே 'ஆஃப் ஆகியிருக்கும்' என்று எவனும் நினைத்துக் கை வைக்கக் கூடாது என்பதற்காக வந்தது. பிரேக்கரை இறக்கிப் பூட்டைப் போடு, உன் பெயர் எழுதிய அட்டையை மாட்டு, டெஸ்டர் வைத்துப் பார், அப்புறம் தொடு. அந்த இடத்தில் ஒரு வாக்கியம்தான் அனுமதி: 'ஐ ஹேவ் டெஸ்டட் இட். இட் ஈஸ் ஆஃப்.' மையும் மஸ்டும் அங்கே கிடையாது. அன்றைக்கு மீதி நேரம் முழுக்க அவனை அந்த இரண்டு வாக்கியங்களை மட்டும் சொல்ல வைத்தேன். மற்றவர்கள் சலித்துக்கொண்டார்கள்.

2022 மார்ச்சில் நான் முதல்வன் திட்டம் வந்த பிறகு கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பேச்சு இங்கிலீஷுக்கு வேறு வாசல்களும் திறந்திருக்கின்றன. என்னிடம் வருகிறவர்கள் இப்போது பெரும்பாலும் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள். கிரீஸ் வாசனையோடு வருவார்கள், இரண்டாவது வரிசையில் ஒருவன் கட்டாயம் தூங்குவான். நான் எழுப்புவதில்லை. மீன்முள் வரைகிற அன்றைக்கு அவனே எழுந்துவிடுவான்.

போன தை அமாவாசைக்குத் திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளக்கரையில் நல்ல கூட்டம். அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டுப் படியேறும்போது ஈர வேட்டியோடு ஒருவர் என் தோளைத் தட்டினார். ஆப்பரேட்டர் அண்ணன். தலை மொத்தமும் வெளுத்துவிட்டது.

“இன்னா தம்பி, வாத்தியாராய்ட்டியாமே?”

கரையோரக் கடையில் டீ சொல்லிவிட்டு, பதினைந்து வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததை இறக்கினேன். ஆடிட்டர் கேட்டது, நான் சொன்னது, 'வுட் ஹேவ்', அவர் 'ஆனா'வுக்குக் காத்திருந்தது எல்லாம். சொல்லி முடிக்கிறவரை அண்ணன் டீயைத் தொடவில்லை. அப்புறம் சத்தமாகச் சிரித்தார். “அட, அந்த மூணு நாளுதான் பா நான் வூட்டுக்கு ஓடு மாத்தினேன்” என்றார்.

எனக்கு இன்னும் ஒன்று மட்டும் பாக்கியிருந்தது. “அண்ணே, அன்னைக்கு ராத்திரி நெஜமாவே ஃபர்ஸ்ட் பீஸுக்கு கேஜ் போட்டுப் பாத்தீங்களா?”

டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே குளத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“பண்ணியிருப்பேன் தம்பி.”